காருக்குத் தனி ஜி.பி.எஸ். கருவி வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேஷ்போர்டிலோ முன்கண்ணாடியிலோ ஒட்டி வைத்து, வேண்டாதபோது கழற்றி எடுத்துப்போகும் வழிகாட்டிக் கருவிகளைப் பற்றிய பக்கம் இது. காரோடு சேர்ந்து வரும் திரையும் கையில் இருக்கும் போனும் ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் வரும்.

போனிலேயே மேப் இருக்கிறதே, தனிக் கருவி எதற்கு?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குள் வேலைக்குப் போய் வருகிறவருக்கும், மாதம் ஒரு தடவை வெளியூர் போகிறவருக்கும் போன் தாராளமாகப் போதும். எந்தச் சாலையில் நெரிசல் என்று சொல்வதில் போனை மிஞ்சும் தனிக் கருவி கிடையாது. லட்சக்கணக்கான போன்கள் நகரும் வேகத்தை வைத்துத்தானே அந்தத் தகவலே உருவாகிறது!

தனிக் கருவி கைகொடுக்கும் இடங்கள் வேறு. மொபைல் சிக்னல் மணிக்கணக்கில் கிடைக்காத சாலைகளில் ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். லாரி, கேரவன் போன்ற உயரமான, கனமான வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், மழையிலும் கையுறையோடும் போகும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் வேண்டும். ஒரே வண்டியைப் பலர் மாற்றி மாற்றி ஓட்டும் நிறுவனங்களில், யார் போனையும் நம்பாமல் வண்டியிலேயே ஒன்று இருப்பது வசதி. இன்னொரு வகையினரும் உண்டு: ஓட்டும்போது போனைக் கண்ணிலேயே படாமல் வைத்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள். வழி காட்டும் திரையில் அழைப்பும் குறுஞ்செய்தியும் குதித்து வராமல் இருப்பது பெரிய நிம்மதி. இந்த ஒரு காரணத்துக்காக வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

வெயிலையும் மறக்கக் கூடாது. முன்கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் நின்று, சார்ஜும் ஏறி, மேப்பும் ஓடினால் போன் சூடாகித் திரை மங்கிவிடும், சில நேரம் தானாகவே அணைந்தும் போகும். தனிக் கருவி அந்த இடத்தில் உட்காருவதற்கென்றே செய்யப்பட்டது.

போனில் ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்துக்கொண்டால் அதுவும் இதுவும் ஒன்றுதானே?

கிட்டத்தட்ட ஒன்றுதான். செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்க இன்டர்நெட் வேண்டாம், மேப்பை வரைந்து காட்டத்தான் வேண்டும். அதை முன்கூட்டியே இறக்கி வைத்தால் போனும் தனிக் கருவி போலவே ஓடும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற செயலிகள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த மேப்பின் தரவை வைத்து முழு நாட்டையே ஆஃப்லைனில் தருகின்றன, அதுவும் இலவசமாக. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்றில் இதைப் போட்டு நாலு நாள் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே திருப்தி வந்தால் பணம் மிச்சம்.

சரி, வாங்குவதென்று முடிவு செய்தாகிவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

மேப்பை. கடையில் திரையைக் காட்டுவார்கள், குரல் கட்டளையைக் காட்டுவார்கள். வாங்கும் பொருள் உண்மையில் மேப்தான், பெட்டி அதை ஓட்டிக்காட்டும் சாதனம். சிப்பும் ஆன்டெனாவும் இன்று எல்லாக் கருவியிலும் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. நல்ல கருவியையும் மோசமான கருவியையும் பிரிப்பது மேப்பின் தரமும், அது எத்தனை ஆண்டு புதுப்பிக்கப்படும் என்பதும்தான்.

சாலை மேப் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இந்தக் கருவிகளைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் டாம்டாமும் கார்மினும். டாம்டாம் 2008-இல் டெலி அட்லஸ் என்ற மேப் நிறுவனத்தையே வாங்கி, சொந்த மேப் வைத்திருக்கிறது. கார்மினின் சாலைக் கருவிகள் பல நாடுகளில் ஹியர் நிறுவனத்தின் மேப்பில் ஓடுகின்றன. அது முன்பு நவ்டெக் என்ற பெயரில் இருந்தது. எந்த மேப் நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. ஒரு நாட்டில் அசத்தும் மேப் பக்கத்து நாட்டில் பாதிச் சாலைகளைத் தவறவிடலாம். ஆகவே நீங்கள் ஓட்டும் பகுதியில் அண்மையில் திறந்த ஒரு பாலம், ஒருவழியாக மாறிய ஒரு தெரு, கதவு எண்ணோடு ஒரு முகவரி என்று மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மூன்றையும் தேடிப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் உள்ள எழுத்தைவிட இது அதிகம் சொல்லிவிடும்.

எந்தெந்த நாடுகளின் மேப் உள்ளே இருக்கிறது என்பதையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். ஒரே மாடல் ஒரு கண்டத்துக்கு ஒரு மேப்போடு விற்கப்படும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவியில் உங்கள் நாடே இல்லாமல் இருக்கலாம். அதைத் தனியாக வாங்கப் போனால் செலவு கருவியின் விலைக்கு அருகில் வந்து நிற்கும்.

‘வாழ்நாள் மேப் அப்டேட்’ என்று போட்டிருக்கிறது. யாருடைய வாழ்நாள்?

கருவியின் வாழ்நாள். அது எப்போது முடிகிறது என்று தீர்மானிப்பது நிறுவனம். பொடி எழுத்தைப் படித்தால், ‘பயன்படத்தக்க காலம்’ என்கிற மாதிரி ஒரு சொற்றொடர் இருக்கும். 2018-இல் டாம்டாம், தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு இனி மேப் புதுப்பிப்பு வராது என்று அறிவித்தது. புதிய மேப்பையும் மென்பொருளையும் தாங்கும் திறன் அவற்றுக்கு இல்லை என்பது அது சொன்ன காரணம். வாழ்நாள் என்று நம்பி வாங்கியவர்களுக்கு எரிச்சல் வந்ததில் வியப்பில்லை.

ஆகவே விற்பனைக்கு வந்து சில ஆண்டுகள் ஆன மாடலைத் தள்ளுபடியில் வாங்கும்போது, அதன் வாழ்நாளில் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று கணக்குப் போடுங்கள். உள் நினைவகத்தையும் பாருங்கள். மேப் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகும். இடம் போதாமல் போனால், மேப்பின் ஒரு பகுதியை மட்டும் ஏற்று என்று கருவியே சொல்லும். மைக்ரோ எஸ்டி கார்டு போடும் வசதி இருந்தால் தப்பித்தோம். வைஃபை வழியே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் கருவி, கணினியோடு கேபிள் போட்டுப் புதுப்பிக்கும் கருவி என்று இரண்டு வகை உண்டு. கணினி வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதை எப்போது கடைசியாகப் புதுப்பித்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

ஜி.பி.எஸ்., குளோனாஸ், கலிலியோ என்று பட்டியல் போடுகிறார்களே, எத்தனை இருந்தால் நல்லது?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் அமைப்பு. ரஷ்யாவுடையது குளோனாஸ், ஐரோப்பாவுடையது கலிலியோ, சீனாவுடையது பெய்டோ. இந்தியாவின் நாவிக் போன்றவை ஒரு வட்டாரத்தை மட்டும் கவனிப்பவை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘நான் இங்கே இருக்கிறேன், இப்போது நேரம் இது’ என்று ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, கருவி தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். மூன்று திசைகளுக்கு மூன்று போதாதா என்று தோன்றும். கருவியில் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால்தான் நாலாவது. நேரக் கணக்கில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும்.

திறந்த வெளியில் ஜி.பி.எஸ். மட்டுமே போதும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும், மலைப் பள்ளத்தாக்கிலும் வானத்தின் ஒரு கீற்றுதான் தெரியும். அந்தக் கீற்றில் எத்தனை செயற்கைக்கோள்கள் அகப்படுகின்றன என்பதுதான் விஷயம். இரண்டு மூன்று அமைப்புகளைக் கேட்கும் கருவிக்கு அங்கே வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் பட்டியல் நீள்வதால் கார் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் மாறிவிடாது.

எவ்வளவு துல்லியமாகக் காட்டும்?

திறந்த வானத்தின் கீழ் சாதாரண போன்களுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஆரத்துக்குள் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தளம் சொல்கிறது. கார் கருவியும் அந்த அளவுதான். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகே இந்தக் கருவிகளின் சந்தை சூடு பிடித்தது.

5 மீட்டர் பிழையிருந்தும் திரையில் கார் எப்போதும் சாலை நடுவே ஓடுவது எப்படி? கருவி உங்களை அருகிலுள்ள சாலையின் மேல் தூக்கி வைத்துவிடுகிறது. நெடுஞ்சாலையை ஒட்டி சர்வீஸ் சாலை ஓடும் இடங்களிலும், மேம்பாலத்துக்கு மேலும் கீழும் சாலை இருக்கும் இடங்களிலும் அது குழம்புவதற்குக் காரணமும் இதுதான். எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் இந்தக் குழப்பம் முழுக்கத் தீராது.

புதிதாக ஆன் செய்தால் இடத்தைப் பிடிக்க ஏன் இவ்வளவு நேரம்?

ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் எங்கெங்கே இருக்கின்றன என்ற முழு அட்டவணையை வானத்திலிருந்து வாங்க 12.5 நிமிடம் ஆகும். நெடுநாள் அணைந்து கிடந்த கருவியும், விமானத்தில் தொலைதூரம் எடுத்துப்போன கருவியும் முதல் தடவை திணறுவது இதனால்தான். வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, அசையாமல் சில நிமிடம் விடுங்கள். போன் இந்த விவரத்தை இன்டர்நெட்டிலிருந்து வாங்கிக்கொள்வதால் சட்டென்று பிடித்துவிடுகிறது.

திரை எத்தனை அங்குலம் வாங்கலாம்?

காருக்கு 5 அல்லது 6. பெரிய வண்டிகளுக்கு 7, 8 என்று போகலாம். சிறிய காரின் கண்ணாடியில் 7 அங்குலத் திரை பார்வையைத்தான் மறைக்கும். அளவைவிட, நேர் வெயிலில் திரை தெரிகிறதா என்பது முக்கியம். கடையின் விளக்கொளியில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள்.

குகைப்பாதைக்குள் போனால் என்ன ஆகும்?

சிக்னல் அறுந்துவிடும். கடைசியாக இருந்த வேகத்தில் நீங்கள் தொடர்ந்து போவதாகப் பெரும்பாலான கருவிகள் ஊகித்து ஓட்டிக் காட்டும். நெரிசலில் நின்றுவிட்டால் ஊகம் தப்பிவிடும். காரோடு சேர்ந்த அமைப்புக்குச் சக்கரம் சுற்றும் வேகம் தெரியும் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் அது கெட்டிக்காரன்.

டிராஃபிக் தகவல் இதில் எப்படி வருகிறது?

மூன்று வழிகள். எஃப்.எம். ஒலிபரப்போடு சேர்த்து அனுப்பப்படும் செய்திகள் பழைய வழி. அதற்கு மாதக் கட்டணம் இல்லை, ஆனால் தரவு மிகக் குறைவு, முக்கியச் சாலைகளோடு சரி. இரண்டாவது, கருவிக்குள்ளேயே சிம் இருப்பது. மூன்றாவது, ப்ளூடூத் மூலம் உங்கள் போனின் இன்டர்நெட்டை வாங்கிக்கொள்வது. இன்று அதிகம் இருப்பது இந்த மூன்றாவதுதான். ஆக, போனிலிருந்து விடுபட வாங்கிய கருவிக்கு டிராஃபிக் தகவல் கொடுப்பதே போனாக இருக்கும்! பெட்டியில் டிராஃபிக் என்று போட்டிருந்தால் எந்த வழி, எத்தனை ஆண்டுக்கு, இந்த நாட்டில் அந்தச் சேவை இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

சில கருவிகளில் எஃப்.எம். ரிசீவர் சார்ஜர் கேபிளுக்குள் ஒளிந்திருக்கும். வேறு கேபிள் போட்டால் டிராஃபிக் போய்விடும்.

லாரிக்கும் கேரவனுக்கும் கார் கருவியே போதாதா?

போதாது. கார் கருவிக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. தாழ்ந்த பாலம், எடை வரம்புள்ள பாலம், திரும்பவே முடியாத குறுகிய தெரு எல்லாம் அதற்கு நல்ல வழிதான். லாரிகளுக்கான கருவியில் உயரம், அகலம், நீளம், எடை, ஏற்றியிருப்பது அபாயகரமான சரக்கா என்பதையெல்லாம் பதிந்து வைத்தால், அதற்கேற்ப வழி போடும். இவை கார் கருவியைவிட விலை அதிகம். வண்டியின் கூரையைச் சரி செய்யும் செலவோடு ஒப்பிட்டால் அதிகம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. உயரத்தைப் பதிந்துவிட்டோம் என்று பாலத்தின் பலகையைப் பார்க்காமல் விடக் கூடாது. எல்லா நாட்டிலும் எல்லாப் பாலத்தின் உயரமும் மேப்பில் ஏற்றப்பட்டிருக்காது. வாடகைக்கு எடுத்த வண்டியானால், மேலே ஏ.சி. பெட்டி, பைக் தாங்கி எல்லாம் சேர்த்து அளந்து பதியுங்கள். மீட்டரிலா அடியிலா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு?

அதற்கென்றே உள்ளதை வாங்குங்கள்: கார்மின் சூமோ, டாம்டாம் ரைடர் போன்ற வரிசைகள். ஐ.பி.எக்ஸ்.7 என்ற நீர்த்தடுப்புத் தரம் இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். கையுறையோடு தொட்டால் வேலை செய்ய வேண்டும், ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத்தில் பேச வேண்டும். வளைவான சாலைகளைத் தேடி வழி போடும் வசதி சிலவற்றில் உண்டு. இந்தக் கருவிகளில் ஆடம்பரம் என்று நான் நினைக்காத ஆடம்பரம் அது ஒன்றுதான்.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்?

ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேட்டரி வண்டிக்கு வெளியே முகவரி தேடுவதற்கு மட்டும்தான். கேபிள் எப்போதும் சொருகியிருக்க வேண்டும். கருவியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். சாதாரண யு.எஸ்.பி. கேபிளைப் போட்டால் சில கருவிகள், தாம் கணினியோடு இணைக்கப்பட்டதாக நினைத்து மேப்பை நிறுத்திவிடும். மலிவான சார்ஜரும் டேஷ்கேமராவும் கிளப்பும் மின் இரைச்சல் செயற்கைக்கோள் சிக்னலை அமுக்கிவிடுவதும் உண்டு. கருவி திடீரென்று சிக்னல் இல்லை என்றால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

எங்கே பொருத்துவது?

கண்ணை அதிகம் தாழ்த்தாமல் பார்க்கும்படி, ஆனால் சாலையை மறைக்காமல். ஏர்பேக் வெடித்துத் திறக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. கண்ணாடியில் ஒட்டலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். உதாரணமாக, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பயணி பக்கத்துக் கீழ்மூலையில் 7 அங்குலச் சதுரம், ஓட்டுநர் பக்கத்துக் கீழ்மூலையில் 5 அங்குலச் சதுரம் என்று அளவே வகுத்திருக்கிறார்கள்.

வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடி சில கார்களில் இருக்கும். அதற்குப் பின்னால் வைத்தால் சிக்னல் வராது. பின்பார்வைக் கண்ணாடிக்கு அருகே பூச்சில்லாத இடம் விட்டிருப்பார்கள், அங்கே வைத்துப் பாருங்கள்.

காரின் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கருவி 95 காட்டுகிறது. எது சரி?

சீராக ஓடும்போது கருவியே உண்மைக்கு நெருக்கம். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பது பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி. 100 கிலோமீட்டர் வேகத்தில் 114 வரை காட்டலாம். ஆகவே உற்பத்தியாளர்கள் பாதுகாப்புக்காகக் கூட்டியே வைக்கிறார்கள். திடீரென்று வேகம் கூட்டும்போதும் பிரேக் போடும்போதும் கருவி சற்றுப் பின்தங்கும்.

ஸ்பீட் கேமரா எச்சரிக்கை வேண்டுமா?

முதலில் அது சட்டப்படி சரியா என்று பாருங்கள். ஜெர்மனியில் ஓட்டுநர் இதைப் பயன்படுத்தக் கூடாது, சுவிட்சர்லாந்திலும் தடை. பிரான்சில் கேமராவின் இடத்தைச் சொல்லாமல் ‘ஆபத்து மண்டலம்’ என்று பொதுவாகச் சொல்லத்தான் அனுமதி. எல்லை தாண்டும் முன் அணைத்துவிடுவது உங்கள் பொறுப்பு.

பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து. அந்த மாடலுக்கு இன்னும் மேப் வருகிறதா என்பதை நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, பவர் சொருகும் துளை ஆடுகிறதா, கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம் கெட்டியாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆன் செய்து தேதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ். சிக்னலில் வாரங்களை 0 முதல் 1023 வரைதான் எண்ணுகிறார்கள், அதற்குப் பிறகு மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இப்படிப் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் இதில் குழம்பி, ஏறக்குறைய இருபது ஆண்டு பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாகக் காட்டும் கருவியை விட்டுவிடுங்கள்.

பெயர் தெரியாத 7 அங்குலக் கருவி பாதி விலைக்கு, அதுவும் ‘உலக மேப்’போடு கிடைக்கிறதே?

வேண்டாம். பழைய விண்டோஸ் சி.ஈ. இயங்குதளம், குறைந்த மெமரி, உரிமம் பெறாத மேப் என்பதுதான் பலவற்றின் உள்ளே இருப்பது. அடுத்த மேப்பை எங்கே வாங்குவது என்று விற்றவரிடமே கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

கருவி என்னை உளவு பார்க்குமா?

செயற்கைக்கோளுக்கு எதையும் அது அனுப்புவதில்லை, கேட்க மட்டும் செய்கிறது. போனோடு இணைத்தாலோ உள்ளே சிம் இருந்தாலோ கதை வேறு. அப்போது அமைப்புகளில் போய் எதைப் பகிர்கிறது என்று பாருங்கள். அதைவிட நடைமுறை ஆபத்து திருட்டு. ‘வீடு’ என்ற இடத்தில் உங்கள் சரியான முகவரியைப் பதியாமல், பக்கத்துப் பெட்ரோல் பங்க்கைப் பதியுங்கள். காரை எடுத்தவனுக்கு வீட்டுக்கு வழி காட்ட வேண்டியதில்லை. இறங்கும்போது கருவியோடு தாங்கியையும் கழற்றுங்கள், கண்ணாடியில் உள்ள வட்டத் தடத்தையும் துடையுங்கள்.

கருவி சில நேரம் கன்னாபின்னா என்று வழி போடுகிறதே?

பாதி நேரம் காரணம் அமைப்புகளில் இருக்கும். ‘குறைந்த தூரம்’ என்று வைத்திருந்தால் சந்து பொந்தெல்லாம் சுற்றிக் காட்டும். ‘குறைந்த நேரம்’ என்று மாற்றுங்கள். மண் சாலையைத் தவிர் என்பதைப் போட்டு வையுங்கள். இடத்தின் ஆயத்தொலைவு எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) தட்டும்போது தசம டிகிரியா, டிகிரி-நிமிடமா என்று பாருங்கள். வடிவம் மாறினால் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போவீர்கள்.

மீதிப் பாதி மேப்பின் தவறு. அமெரிக்காவின் டெத் வேலி தேசியப் பூங்கா, ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பி வர வேண்டாம் என்று பார்வையாளர்களை எச்சரிக்கிறது. அந்தப் பாலைவனத்தில் கைவிடப்பட்ட தடங்களையும் சாலை என்று காட்டிவிடும். ஆளில்லாத பகுதிக்குப் போகும்போது தாள் வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும்.

மின்சாரக் காருக்கு இது உதவுமா?

அவ்வளவாக இல்லை. உங்கள் பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று தனிக் கருவிக்குத் தெரியாது. காரின் சொந்தத் திரைக்குத் தெரியும். சார்ஜிங் நிலையங்களைக் காட்டும், அவ்வளவுதான்.

வாங்கிய பிறகு எப்படிச் சோதிப்பது?

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள். முதல் வேலை மேப்பையும் மென்பொருளையும் புதுப்பிப்பது. பெட்டியில் இருக்கும் மேப் பல மாதம் பழையதாக இருக்கும். அப்புறம் நன்றாகத் தெரிந்த ஓர் இடத்துக்கு அதன் பேச்சைக் கேட்டு ஓட்டிப் பாருங்கள். வேண்டுமென்றே தவறாகத் திரும்பிப் பாருங்கள்; எவ்வளவு விரைவாக மாற்று வழி போடுகிறது, ‘திரும்பிப் போ’ என்று நச்சரிக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரவில் ஒரு தடவை ஓட்டி, திரையின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதா என்று பாருங்கள். குரலை ஜன்னல் திறந்த நிலையில் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட வேண்டும்.